நிலவாரமும் இயந்திரவாரமும்

கிருலப்பனையில் குடியிருப்போருக்கு வாடகை என்னும் சொல்லை விளக்கவேண்டியதில்லை. ஹைலெவல் வீதியிலிருந்து இருமருங்கும் கிளைத்துச் செல்லும் ஒழுங்கைகளில், மாடிக்கு மேல் மாடியாக எழுந்து நிற்கும் வீடுகளில், வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருந்து பிழைப்புத் தேடி வந்த எத்தனையோ குடும்பங்கள் மாதத்தின் முதல் வாரத்தை எண்ணியெண்ணியே வாழ்கின்றன. நானும் அவர்களுள் ஒருவன். ஆசிரியத் தொழிலில் வரும் சம்பளத்தின் பெரும்பங்கு, நான் ஒருநாளும் உரிமை கொண்டாட முடியாத இரண்டு அறைகளுக்குப் போய்ச் சேர்கிறது. ஆயினும் நகரத்து வாடகையைப் பற்றி இந்நாட்டில் ஒருகாலம் பெரும் விவாதம் நடந்தது. 1972இல் வாடகைச் சட்டமும் 1973இல் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் இயற்றப்பட்டன. வாடகை என்பது இரு தனிமனிதருக்கிடையேயான பேச்சு மாத்திரமன்று, அது சமுதாயம் தலையிட்டுத் தீர்க்கவேண்டிய விவகாரம் என்பதை அச்சட்டங்கள் ஏற்றுக்கொண்டன.

நாட்டுப்புறத்தில் நிலத்தின் வாடகைக்கும் அவ்வாறான ஒரு வரலாறு உண்டு. ஆனால் இன்று நெற்செய்கையாளன் செலுத்தும் வாடகைகளுள் மிகவும் கனமான ஒன்றைப் பற்றி நாம் ஏறத்தாழ வாய்திறப்பதேயில்லை. அது உழவு இயந்திரத்துக்கும் வெட்டு மெசினுக்கும் அவன் கொடுக்கும் கூலி. அதனைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன். கொழும்பில் அரிசியை விலைகொடுத்து வாங்கி உண்ணும் நமக்கும் இதில் பங்குண்டு.

முதலில் நிலத்தின் கதையைச் சற்று நினைவுகூர்வோம். 1956இல் அமைந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் விவசாய அமைச்சராக இருந்த பிலிப் குணவர்தன, 1958ஆம் ஆண்டின் முதலாவது இலக்கச் சட்டமாக நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகைக் கமக்காரனுக்கு நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை, நிலவாரத்துக்கு உச்சவரம்பு, விவசாயத் தொழிலாளரின் கூலியை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், கிராமந்தோறும் பயிர்ச்செய்கைக் குழு என்பன அச்சட்டத்தின் உயிர்நாடிகள். ஆளும் கூட்டுக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு மூண்டது. 1959இல் பிலிப் குணவர்தன அரசாங்கத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. சட்டத்தின் ஓட்டைகளைப் பயன்படுத்தி வாரக்குடிகளை வெளியேற்றிய நிலக்கிழார் பலர். எனினும் ஒரு கொள்கை நிலைநாட்டப்பட்டது: உழைக்காதவன் உழைப்பவனிடமிருந்து எடுக்கும் பங்குக்கு ஓர் எல்லை இருத்தல் வேண்டும்.

அந்நாளில் நிலத்தின் வாரத்தோடு வேறொரு வாரமும் ஒட்டிக்கொண்டிருந்தது. நிலம் கொடுத்தவனே பல இடங்களில் எருமையும் விதைநெல்லும் கொடுத்தான். ஹம்பாந்தோட்டைப் பக்கத்தில் ‘கம்பராய’ என அழைக்கப்பட்ட இடைத்தரகர் எருமைக்கும் விதைக்கும் களத்திலேயே நெல்லை அளந்துகொண்டு போயினர். கமக்காரன் தன் பங்கைக் காணுமுன் நிலத்துக்கு ஒன்று, எருமைக்கு ஒன்று, விதைக்கு ஒன்று எனக் குவியல் கரைந்தது. சட்டம் நிலத்தின் பங்கைக் கட்டுப்படுத்த முனைந்த அதே காலத்திலேதான் எருமையின் இடத்துக்கு இயந்திரம் வந்துசேர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு பெயரைச் சொல்லவேண்டும். இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களின் நடுப்பகுதியில் இருசக்கர உழவு இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். ‘லாண்ட்மாஸ்டர்’ என்ற பெயரில் அது பிரித்தானியாவிலே உற்பத்தியாகிப் பல நாடுகளுக்குச் சென்றது. இன்றும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் எந்தக் கம்பனியின் இருசக்கர இயந்திரமானாலும் அது லாண்ட்மாஸ்டர்தான். பிற்காலத்தில் அவரே தம் படைப்பைக் கண்டித்துப் பேசினார் என்பது பலர் அறியாத செய்தி. விவசாயத்தை நவீனப்படுத்துவதாக எண்ணித் தாம் எருமையை மாத்திரமே இயந்திரமாக்கியதாக அவர் கருதினார். உழாமலே விதைக்கும் முறைகளைப் பற்றிய ஆய்வில் நைஜீரியாவில் ஈடுபட்டார். 2010இல் மறையும்வரை இக்கருத்தினின்று அவர் விலகவில்லை.

அவர் சொன்னது பொறியியல் பற்றியது. அதனைப் பொருளாதாரத்துக்கும் நீட்டிப் பார்க்கலாம். எருமை இயந்திரமானபோது எருமைக்காரனும் இயந்திரக்காரனானான். எருமை வாரம் இயந்திரவாரமாயிற்று. நெற்காணிச் சட்டம் நிலத்துக்குக் கட்டிய வேலி இந்தப் பக்கத்தில் திறந்தே கிடந்தது.

பரந்தனுக்கு அண்மையில் என் தமையனார் இரண்டரை ஏக்கர் வயல் செய்கிறார். காணி சொந்தமானது; ஒருவருக்கும் குத்தகை கொடுக்க வேண்டியதில்லை. சட்டப்படி பார்த்தால் 1958இல் பிலிப் குணவர்தன கனவு கண்ட சுதந்திரக் கமக்காரன் அவர். ஆயினும் ஒவ்வொரு ஆண்டும் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் அவர் தொலைபேசியிலே பேசும் பேச்சு சுதந்திரமான மனிதனின் பேச்சாக இராது. காலபோகத்துக்குப் புழுதியிலே விதைக்கவேண்டும். வடகீழ்ப் பருவமழை இறங்கி வயலில் வெள்ளம் நிற்குமுன் உழவு முடியவேண்டும். சென்ற முறை அவர் சொன்ன வார்த்தைகள் என் காதில் அப்படியே நிற்கின்றன.

“தம்பி, மழை இருட்டிக்கொண்டு வருகுது. மெசின்காரப் பொடியன் ‘நாளைக்கு, நாளைக்கு’ எண்டு நாலு நாளாச் சொல்லுறான். பெரிய வெளியை முடிச்சுப்போட்டுத்தான் இஞ்சால வருவானாம். காசில்லாமல் நான் நிக்கேல்லை. காசைக் கையிலை வைச்சுக்கொண்டுதான் காத்துக்கொண்டு நிக்கிறன்.”

காசிருந்தும் காத்திருத்தல் என்னும் இந்த நிலையை விளங்கிக்கொள்ளாமல் இயந்திர வாடகையின் பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ள முடியாது. கூலி எவ்வளவு என்பதை மாத்திரம் கேட்பவர்கள் பாதிக் கணக்கையே பார்க்கிறார்கள். மறுபாதி, இயந்திரம் எப்போது வருகிறது என்பதாகும்.

ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் உழவு இயந்திரத்தின் தவணைப்பணம், தேய்மானம், சாரதியின் சம்பளம் என்பன ஒரு போகத்துக்கு மூன்று இலட்சம் ரூபாய் என வைத்துக்கொள்வோம். இவை இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருகின்ற செலவுகள். உழவுக்காலம் 25 நாள். நாளுக்கு 4 ஏக்கர் உழுதால் 100 ஏக்கர். ஏக்கருக்கு இந்த நிலையான செலவு 3,000 ரூபாய். நாளுக்கு 6 ஏக்கர் உழுதால் 150 ஏக்கர். செலவு 2,000 ரூபாயாகக் குறைகிறது. டீசல் செலவு இதற்குப் புறம்பானது. ஆகவே இயந்திர உடைமையாளனின் இலாபமும் நட்டமும் நாளொன்றுக்கு எத்தனை ஏக்கர் என்னும் ஒரே எண்ணிலே தங்கியுள்ளன.

இப்போது இரண்டு வாடிக்கையாளரைப் பார்ப்போம். ஒருவர் ஒரே வெளியில் இருபது ஏக்கர் வைத்திருக்கிறார். இயந்திரம் காலையில் இறங்கினால் மாலைவரை வெளியேற வேண்டியதில்லை. மற்றவர்கள் பத்துப்பேர், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு இடங்களில் அரை ஏக்கர். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு வரம்பு சுற்றிப் போய்ச் சேர அரைமணி நேரம் பிடிக்குமாயின், பத்துத் துண்டுகளுக்கும் ஐந்து மணிநேரம் உழவின்றியே கழிந்துவிடும். சிறிய துண்டில் திரும்பவும் மடக்கவும் செல்லும் நேரம் வேறு. ஏக்கர்க் கணக்கிலே கூலி வாங்கினால், சிறுநிலத்துக்குப் போவது இயந்திரக்காரனுக்கு நட்டம். ஆகையால் கடைசியிலேதான் போவான். மணிக் கணக்கிலே கூலி வாங்கினால், அந்த நட்டம் சிறு கமக்காரனின் தலையில் ஏறும். ஏக்கருக்கு அவன் கொடுப்பது பெரிய கமக்காரன் கொடுப்பதைவிட அதிகமாகும். முதலாவது முறையில் அவன் நாட்களால் செலுத்துகிறான். இரண்டாவது முறையில் ரூபாயால் செலுத்துகிறான்.

நாட்களால் செலுத்துவது இலேசான விடயமன்று. விதைப்புப் பத்து நாள் பிந்தினால் இளம்பயிர் வெள்ளத்தில் அகப்படலாம். கதிர் பிந்தினால் அறுவடையும் பிந்தும். ஊரெல்லாம் வெட்டி முடிந்தபின் மெசின் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். காலந்தப்பிய மழையில் கதிர் சாய்ந்தால் ரயர்ச் சக்கர மெசின் சேற்றில் இறங்காது. கூலி கூடிய சங்கிலிச் சக்கர மெசினைத் தேடவேண்டும். ஆக, ஐப்பசியில் இயந்திரக்காரன் சொன்ன ‘நாளைக்கு’ என்ற ஒரு சொல், தை மாசியில் நெல்லாகக் கணக்கிடப்பட்டுக் கமக்காரனின் களத்திலிருந்து கழிக்கப்படுகிறது. இதனையே இயந்திரவாரம் என்கிறேன்.

அறுவடையில் இந்த வாரம் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. அரிவி வெட்டும் சூடடிப்பும் கையால் நடந்த காலத்தில் நெல் நாட்கணக்கில் வயலிலும் களத்திலும் கிடந்து உலர்ந்தது. வெட்டு மெசின் ஒரு மணித்தியாலத்தில் ஒரு போகத்தின் உழைப்பைச் சாக்கில் கொட்டிவிட்டுக் கூலிக்குக் கைநீட்டுகிறது. நெல்லில் ஈரம் இருக்கிறது. நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியம் 14 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்ந்த நெல்லையே நிர்ணய விலைக்கு ஏற்கும். சிறு கமக்காரனுக்கு உலர்த்தும் தளம் இல்லை. வீதியின் ஓரமே தளம். மெசின் கூலியோ அன்றைக்கே கொடுக்கப்படவேண்டும். வரம்பருகே லொறியோடு நிற்கும் வியாபாரி ஈரநெல்லைத் தன் விலைக்கு எடுக்கிறான்.

இதனையும் எண்ணில் பார்க்கலாம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என உத்தரவாத விலை அறிவித்தது. கிழக்கில் அறுவடை தொடங்கிய பின்னரே அந்த அறிவித்தல் வந்தது. வெட்டுக்கூலி ஏக்கருக்கு 12,000 ரூபாய் என ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 120 ரூபாய்க்கு விற்க முடிந்தவனுக்கு அந்தக் கூலி 100 கிலோ நெல். ஈரநெல்லை 90 ரூபாய்க்கு விற்க நேர்ந்தவனுக்கு அதே கூலி 133 கிலோ. இருவரும் மெசின்காரனுக்கு ஒரே தொகையையே கொடுத்தனர். ஆனால் ஒருவனின் வயலிலிருந்து மூன்றிலொரு பங்கு அதிகமாக நெல் போய்விட்டது. கூலியை நெல்லில் அளந்து பார்க்காதவரை இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

2022ஆம் ஆண்டு இவை யாவற்றையும் அப்பட்டமாக வெளிக்காட்டிய ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த அரசாங்கம், விளைச்சல் வீழ்ச்சியுறுவதைக் கண்டு நவம்பரில் அதனைக் கைவிட்டது. பின்னர் டீசல் இல்லாமற் போயிற்று. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல், 2022 ஜூன் 26ஆம் திகதி 460 ரூபாயாக உயர்ந்தது. ஆறு மாதத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த விலைக்கும் எரிபொருள் நிலையத்தின் வரிசையில் இரவுபகலாய்க் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. கொழும்பில் நாம் பஸ்ஸில்லாமல் நடந்தோம். வயலிலோ, டீசல் கானை நிரப்பிக்கொடுக்க வல்லவனுக்கே இயந்திரம் வந்தது. வாடகை என்பது இயந்திரத்தின் விலை மாத்திரமன்று. எரிபொருள், அந்நியச் செலாவணி, உதிரிப்பாகம் எனக் கடல்கடந்து நீளும் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி என்பதை அப்போது பள்ளிப் பிள்ளையும் உணர்ந்துகொண்டது.

இத்தனையும் கேட்டபின் வாசகர் மெசின்காரனை வில்லனாக நினைக்கக்கூடும். அது சரியன்று. தமையனாரைக் காக்கவைத்த அந்த இளைஞன் அதே ஊரவன். இறுதி யுத்தத்தில் தகப்பனை இழந்தவன். வன்னி மக்கள் 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து சென்றபோது உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டருமே அவர்களின் வீடாயின. பானை, பாய், நோயாளி, கிழவர், குழந்தை எல்லாம் பெட்டியிலேற்றி முள்ளிவாய்க்கால் வரை இழுத்துச் சென்ற அந்த இயந்திரங்கள் அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தன. மீளக்குடியமர்ந்தவர்களிடம் மாடுமில்லை, இயந்திரமுமில்லை. ஏ-9 வீதி திறந்ததும் கடைகளோடு லீசிங் கம்பனிகளின் பலகைகளும் நிரைநிரையாக எழுந்தன. அந்த இளைஞன் ஒருநாள் என்னிடம் சொன்னான்: “சேர், மெசின் என்ரை எண்டு ஊர் சொல்லுது. என்ரை கையிலை இருக்கிறது அதின்ரை தவணைப் புத்தகம் மட்டுந்தான். மூண்டு மாசம் பிந்தினால் வந்து தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்.”

அவன் பெரிய வெளிக்கு முதலில் ஓடுவது பேராசையால் அன்று, தவணையால். வயலுக்குப் போகம் இரண்டு; தவணைக்கோ மாதம் பன்னிரண்டு. உழவில்லாத மாதங்களில் மணலும் கல்லும் ஏற்றி அந்த இடைவெளியை நிரப்பவேண்டும். ஆகவே வரம்பிலே நின்று கமக்காரனும் மெசின்காரனும் கூலிக்காகச் சண்டை பிடிக்கும்போது, அச்சண்டையில் கலந்துகொள்ளாத மூன்றாவது ஆள் ஒருவர் நகரத்தில் குளிரூட்டிய அறையில் இருக்கிறார். முன்னொருகால் நிலக்கிழார் களத்துக்கு வந்து தன் பங்கை அளந்துகொண்டு போனார். அவருடைய முகம் தெரிந்தது. இன்றைய வாரத்தை எடுப்பவருக்கு முகமில்லை.

இந்த முகமில்லாமையே வேறொரு நஞ்சுக்கும் இடங்கொடுக்கிறது. வெட்டு மெசின்கள் கதிர் முற்றும் திசையை நோக்கி மாவட்டம் மாவட்டமாக நகர்பவை. தெற்கிலிருந்து மெசின் வந்தால் வடக்கில் முணுமுணுப்பு எழுவதுண்டு. உள்ளூர் மெசின்காரனுக்குத் தொழில் குறையும் என்பது உண்மை. உள்ளூர்க் கமக்காரனுக்குக் கூலி குறையும் என்பதும் உண்மை. வர்க்க நலன்கள் பற்றிய இக்கேள்வியைச் சிங்கள மெசின், தமிழ் மெசின் என்று பேசத் தொடங்கினால் இருவரும் தோற்பர். பொலனறுவையிலே அரை ஏக்கர் வைத்திருப்பவனும் இதே ‘நாளைக்கு’ என்ற சொல்லைத்தான் தன் மொழியில் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இயந்திரம் ஏறிய கணக்கில் யாரும் எழுதாத ஒரு வரியும் உண்டு. 1958, 1977ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள் காணியுரிமை இல்லாமலே பெரும்பாலும் கூலிகளாயினர். அவர்களின் பெண்களுக்கு ஆண்டின் பெரிய வருமானம் அரிவி வெட்டுத்தான். மெசின் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதற்காக மெசினை எரிக்கவேண்டும் என்று சொல்வோருள் நான் ஒருவனல்லன். குனிந்த முதுகோடு வெயிலில் நின்று வெட்டுவது காக்கப்படவேண்டிய ஒரு பண்பாடன்று. ஆனால் அந்த முதுகு நிமிர்ந்ததால் மிச்சமான பணம் யாருக்குப் போயிற்று என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அது அப்பெண்ணுக்குப் போகவில்லை. சிறு கமக்காரனிடமும் தங்கவில்லை.

உலகம் இக்கேள்வியை முன்னரே சந்தித்திருக்கிறது. 1899இல் வெளிவந்த ‘ருசியாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’ என்னும் நூலில் லெனின் விவசாயக் குடும்பங்களை அவற்றிடமுள்ள குதிரைகளின் எண்ணிக்கையைக் கொண்டும் வகுத்துப் பார்த்தார். காணியிருந்தும் குதிரையில்லாதவன் சுதந்திரக் கமக்காரனல்லன் என்பதை அந்த அட்டவணைகள் காட்டின. நம் வன்னியில் குதிரையின் இடத்தில் இயந்திரத்தை வைத்துப் படித்தால் பாடம் அப்படியே பொருந்தும்.

அரசே இயந்திரத்தை வைத்திருந்தால் தீருமா? சோவியத் நாடு அதனையும் செய்து பார்த்தது. இயந்திர உழவு நிலையங்கள் கூட்டுப்பண்ணைகளுக்கு உழுதுகொடுத்துத் தானியமாகக் கூலி பெற்றன. நிலம் பண்ணையினுடையது, இயந்திரம் அரசினுடையது என்ற இந்தப் பிரிவினை, தானியத்தைக் கிராமத்திலிருந்து வெளியே எடுக்கும் கருவியாகவும் ஆயிற்று. நம் நெற்காணிச் சட்டம் பிறந்த அதே 1958இல் குருசேவ் அந்நிலையங்களைக் கலைத்து, இயந்திரங்களைப் பண்ணைகளுக்கு விற்கச் செய்தார். குறுகிய காலத்தில் விலை கொடுக்க நேர்ந்த பண்ணைகள் பல கடனில் மூழ்கின. மறுபுறம், தனித்தனி விவசாயி ஒவ்வொருவரும் இயந்திரம் வாங்கிய யப்பானில் ‘இயந்திர வறுமை’ என்றே ஒரு சொல் பிறந்தது. சிறுநிலத்தின் வருமானம் இயந்திரத்தின் கடனுக்கே போயிற்று. தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை அரசு நிர்ணயித்த மணிக் கட்டணத்தில் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. இவற்றிலிருந்து தெரிவது யாதெனில், உடைமை யாருடையது என்பதோடு, வரிசையைத் தீர்மானிப்பவர் யார் என்பதும் சேர்ந்தே கேட்கப்படவேண்டும்.

நம்மிடமும் ஒரு வாய்ப்பு வந்தது. மீளக்குடியமர்ந்த விவசாயிகளுக்கென இந்திய அரசாங்கம் 2010இல் வடமாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்களை அன்பளிப்புச் செய்தது. கையில் ஒன்றுமில்லாமல் நின்ற மக்களுக்கு அது பேருதவி. ஆனால் அன்பளிப்பாக வரும் இயந்திரத்தோடு சாரதியின் சம்பளமும் திருத்தும் நிதியும் முறைவைக்கும் விதியும் சேர்ந்து வருவதில்லை. அவற்றை ஊரே உண்டாக்கவேண்டும்.

அந்த விதிக்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இரணைமடுவின் கீழ் சிறுபோகத்துக்குத் தண்ணீர் முறைவைத்தே பாய்கிறது. இன்றைக்கு இந்த வாய்க்கால், நாளைக்கு அந்த வாய்க்கால் என்று தண்ணீருக்கு ஒழுங்கு செய்யத் தெரிந்த சமுதாயத்துக்கு இயந்திரத்துக்கும் ஒழுங்கு செய்யத் தெரியும். சிங்களக் கிராமங்களில் குளத்து நீர் குறைந்த காலத்தில் வாய்க்கால் தலைப்பிலுள்ள வயலை எல்லோரும் பங்கிட்டுச் செய்யும் ‘பெத்ம’ வழக்கம் இதற்கு அடுத்த வீட்டுச் சாட்சி.

நான் சொல்வது இதுதான். ஒரே வாய்க்காலில் தொடுத்துக் கிடக்கும் சிறு துண்டுகளைக் கமக்காரர் அமைப்போ கூட்டுறவுச் சங்கமோ ஒரே இருபது ஏக்கராகப் பதியவேண்டும். இயந்திரம் தலைப்பில் இறங்கி வரிசையாக வால்பகுதி வரை உழுதுகொண்டு போனால், மேலே சொன்ன ஐந்து மணிநேர அலைச்சல் இல்லாமற் போகும். மானியம் எதுவுமின்றியே கூலி குறைய இடமுண்டு. அடுத்த போகம் வாலிலிருந்து தொடங்கினால் ஒருவனே என்றும் கடைசியில் நிற்கமாட்டான். கூலியைச் சங்கம் இயந்திரக்காரனுக்கு உடனே கொடுத்து, கமக்காரனிடம் அறுவடையின்பின் உலர்ந்த நெல்லாக அறவிடலாம். அப்போது வரம்பருகே நிற்கும் லொறிக்கு ஈரநெல்லைப் போடவேண்டிய நெருக்குதல் தளரும். சங்கத்துக்குச் சொந்த இயந்திரம் இருந்தால் நன்று. இல்லையேல் ஊர் இளைஞனின் இயந்திரத்தையே போகம் முழுவதற்கும் பேசிக்கொள்ளலாம். உறுதியான ஏக்கர்க் கணக்கு கிடைத்தால் அவனுடைய தவணையும் நிம்மதியாகக் கட்டப்படும். நைஜீரியாவில் 2014இல் தோன்றிய ‘ஹலோ ட்ரக்டர்’ என்னும் நிறுவனமும், சிறு விவசாயிகளின் தேவையை முகவர்மூலம் ஒன்றுசேர்த்தே இயந்திரத்தை அனுப்புகிறது. அதனை ஒரு கம்பனியால் இலாபத்துக்காகச் செய்ய முடியுமாயின், ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் தன் அங்கத்தவர்களுக்காகச் செய்ய முடியாதா?

இதற்கு எதிர்ப்பு வராதென்று எண்ணவேண்டாம். இன்று முதலில் உழுவிக்கும் பெரிய கமக்காரன் வரிசையில் நிற்க இணங்கமாட்டான். சங்கத்தின் தலைவர் பதவியிலும் பல இடங்களில் அவனே இருக்கிறான். மாவட்ட விவசாயக் குழுக் கூட்டங்களில் வெட்டுக்கூலி பேசப்படுவதுண்டு. ஆனால் நெற்காணிச் சட்டத்துக்கு இருந்ததுபோன்ற சட்டப் பலம் அத்தீர்மானங்களுக்கு இல்லை. வரிசையைப் பற்றி அங்கே பேச்சுமில்லை. ஆகவே கூலிக்கு உச்சவரம்பும் முறைக்கு ஒழுங்கும் சட்டமாக வேண்டும் என்ற கோரிக்கை கீழிருந்தே எழவேண்டும்.

கோரிக்கைக்கு ஆதாரம் வேண்டும். நெற்செய்கைச் செலவு பற்றி விவசாயத் திணைக்களம் கணக்கெடுத்து வெளியிடுகிறது. அக்கணக்கு ரூபாயில் இருக்கிறது. காத்திருந்த நாட்களை அதில் காணமுடியாது. இங்கேதான் இவ்வேட்டைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பொலனறுவையிலும் கிராமப் பள்ளிகளில் கற்பிப்போர், உயர்வகுப்பு மாணவரைக் கொண்டு ஒரு போகத்துக்கு ஒரு கொப்பி எழுதுவிக்கலாம். நான்கு நிரல் போதும்: வயலின் பரப்பு, இயந்திரத்துக்குச் சொன்ன திகதி, இயந்திரம் வந்த திகதி, கொடுத்த கூலி. அறுவடையில் ஐந்தாவதாக ஒன்று: நெல்லை விற்ற திகதியும் விலையும். ஒரு வாய்க்காலுக்கு ஒரு கொப்பி எழுதப்பட்டால் சிறுநிலம் எத்தனை நாள் காத்திருந்தது, பெருநிலம் எத்தனை நாள் காத்திருந்தது என்பது பிள்ளைகளின் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். என் தமையனாரின் வாய்க்காலில் இவ்வருடக் காலபோகத்துக்கு அந்தக் கொப்பியைத் தொடங்குவதாக அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏனைய ஊர்களிலிருந்தும் கொப்பிகள் வரட்டும். ஒன்றோடொன்றை ஒப்பிட்டு இப்பக்கங்களிலேயே விவாதிப்போம்.